வயரா, வயர்லெஸ்ஸா? உப்புக் காற்றில் ஓடும் சைக்கிளுக்கு எந்தக் கணினி?

நிலாவெளிப்பாதை | சனி, மாலை 5.20

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் பாடசாலை நாட்களில் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஒரு வழி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்து, அப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிளை வெளியே எடுத்தேன். வரிசைகள் மறைந்துவிட்டன. நான் சைக்கிளை விடவில்லை.

அதில் வயர் உள்ள சாதாரணச் சைக்கிள் கணினி ஒன்றைப் பூட்டியிருந்தேன். வேகம், பயணத் தூரம், மொத்தத் தூரம், நேரம் ஆகியவற்றைக் காட்டும். மாதந்தோறும் மொத்தத் தூரத்தைக் கொப்பியில் எழுதிவருகிறேன். கடந்த புதன்கிழமை சாம்பல்தீவைத் தாண்டும்போது வேகம் 0 என்று நின்றுவிட்டது. மணிக்கூடு ஓடுகிறது, திரை தெளிவாக இருக்கிறது, சில்லு சுழல்வது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

நகரத்தில் விசாரித்த கடையில், வயர் உள்ளதை இப்போது யாரும் கேட்பதில்லை, வயர்லெஸ்தான் நல்லது என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடலோரப் பாதையில் தினமும் ஓடும் சைக்கிளுக்கு எது நிலைத்து நிற்கும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாப்பாலம் | சனி, மாலை 6.05

வயரை விட்டுவிடுங்கள் சேர். நான் மூன்று வருடமாக வயர்லெஸ்தான் பயன்படுத்துகிறேன். முன்பு வயர் வைத்திருந்தபோது இரண்டு தடவை அறுந்தது. ஒரு தடவை சைக்கிளை லொறியில் ஏற்றும்போது வேறொரு சைக்கிளின் பெடல் கொளுவி இழுத்தது. மற்றத் தடவை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபோது ஆடு கடித்தது. வயர்லெஸ்ஸில் கொளுவுவதற்கும் கடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. முன்சில்லைக் கழற்றுவதும் பூட்டுவதும் சுலபம். கணினியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போகிறேன்.

உவர்மலைப்பட்டறை | சனி, இரவு 8.40

தம்பி நிலாவெளி, புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் பழையது உண்மையாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள். முப்பது வருடமாக வானொலிப் பெட்டிகளும் சைக்கிள்களும் திருத்துகிறேன். இந்தக் கணினிகளில் தலை, அதாவது திரையுள்ள பெட்டி, பழுதாகி என்னிடம் வந்தவை மிகக் குறைவு.

உள்ளே நடப்பது மிகவும் எளிமையானது. சில்லின் கம்பியில் பூட்டிய காந்தம் ஒவ்வொரு சுற்றிலும், முன்சில்லைத் தாங்கும் கவையில் இருக்கும் சென்சரைக் கடந்து போகிறது. சென்சருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் மயிரளவு இடைவெளியில் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகில் வந்ததும் ஒட்டும், விலகியதும் பிரியும். இந்த நாணல் சுவிட்சை 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். காற்றுப் புகாத கண்ணாடிக்குள் இருப்பதால் தகடுகளில் துரு ஏறாது. ஒருமுறை ஒட்டினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றியதாகக் கணக்கு. அதைச் சில்லின் சுற்றளவால் பெருக்கினால் தூரம். அவ்வளவுதான் வேலை.

இப்போது சோதனை. கணினியை ஹாண்டிலில் இருக்கும் தாங்கியிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒரு நாணயத்தின் விளிம்பை இரண்டிலும் சேர்த்து வைத்து, தொட்டுத் தொட்டு எடுங்கள். திரையில் வேகம் வந்தால் தலை நலம். பிறகு தாங்கியில் பூட்டி, காந்தமொன்றைக் கையால் சென்சருக்கு முன்னால் ஆட்டுங்கள். அப்போது வேகம் வராவிட்டால் நோய் வயரிலோ தாங்கியிலோதான். நாளைக்குச் செய்து பார்த்து எழுதுங்கள்.

சீனக்குடா_ஓட்டம் | சனி, இரவு 10.15

வயர்லெஸ் என்று ஒரே சொல்லில் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. இரண்டு வகை இருக்கின்றன.

மலிவானது அனலொக் வகை. சென்சர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பை அனுப்பும். யாருடைய துடிப்பு என்று கணினி பார்ப்பதில்லை. அது எட்டும் தூரமும் ஏறத்தாழ 60, 70 சென்ரிமீற்றர்தான். அதில் நான் பட்டிருக்கிறேன். கந்தளாய்ப் பக்கம் அதிகாலையில் போகும்போது புதிதாக வாங்கிய எல்ஈடி விளக்கைக் கணினிக்கு அருகில் பூட்டினேன். விளக்கைப் போட்டதும் நின்ற இடத்திலேயே மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் காட்டியது, அணைத்தால் 0. விளக்கின் உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்றின் இரைச்சலைக் கணினி சில்லின் துடிப்பாக எண்ணிவிட்டது. பக்கத்தில் இன்னொருவர் அதே வகைக் கணினியுடன் ஓட்டினாலும் குழம்பும்.

இன்னொன்று டிஜிட்டல். அதில் வரும் அன்ட் பிளஸ், புளூடூத் ஆகிய இரண்டு தொடர்பு முறைகளும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்குபவை. ஒவ்வொரு சென்சருக்கும் தனி அடையாள எண் உண்டு. உங்கள் கணினி உங்கள் சென்சரை மட்டுமே கேட்கும். கிண்ணியா நானா வைத்திருப்பது இந்த வகையாக இருக்க வேண்டும்.

சேர், உங்களுடையது உயர்ந்த ஹாண்டில் உள்ள பழைய சைக்கிள். கவையின் அடியிலிருந்து ஹாண்டில்வரை அளந்து பாருங்கள். 70 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அனலொக் வயர்லெஸ் உங்களுக்கு ஒத்துவராது. சென்சரைக் கவையில் மேலே ஏற்றிப் பூட்ட வேண்டிவரும்.

கிண்ணியாப்பாலம் | ஞாயிறு, காலை 6.30

ஆம், என்னுடையது டிஜிட்டல்தான். முதலில் மலிவானதை வாங்கி ஆறு மாதத்தில் எறிந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டது பிழை.

கோணேசபுரி_மாணவி | ஞாயிறு, காலை 9.10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் வளாகத்தில் படிக்கிறேன், வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போனில் இருக்கும் செயலியே தூரம் காட்டுகிறதே, தனியாக ஒரு கணினி எதற்கு?

சீனக்குடா_ஓட்டம் | ஞாயிறு, காலை 9.45

நல்ல கேள்வி தங்கச்சி. தூரம் மட்டும் போதுமென்றால் போன் போதும். 2000ஆம் ஆண்டு மே மாதம்வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. 100 மீற்றர்வரை பிழை வரும். அதை நிறுத்திய பிறகுதான் போனிலும் சைக்கிளிலும் இது பயனுள்ளதாயிற்று. ஆனால் செய்மதி உங்கள் சில்லைப் பார்ப்பதில்லை. அதன் சமிக்ஞையை வைத்துப் போன்தான் நீங்கள் நிற்கும் இடத்தைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, அவற்றை நேர்கோடுகளால் இணைக்கிறது. மரங்கள் கவிந்த வளைவுகளில் புள்ளிகள் விலகும். பிரேக் பிடித்த கணத்தில் வேகம் குறைவதையும் சற்றுத் தாமதித்தே காட்டும்.

நம் ஊரில் வேறு இரண்டு இடைஞ்சல்களும் இருக்கின்றன. மே முதல் செப்டெம்பர்வரை நடுப்பகல் வெயிலில் ஹாண்டிலில் கட்டிய போன் சூடேறித் திரையை மங்கச் செய்துவிடும். மார்கழி மழையில் ஈர விரல் பட்டால் திரை தன்பாட்டில் மாறும். சில்லுக் கணினியோ ஒரு வட்டப் பற்றரியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். போனின் மின்னை வீட்டுக்குப் பேச வைத்திருங்கள்.

நிலாவெளிப்பாதை | ஞாயிறு, பிற்பகல் 2.30

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். ஐந்து ரூபா நாணயத்தால் தட்டினேன், 9, 14, 11 என்று வேகம் வந்தது. தலை நலம்! அந்த மகிழ்ச்சியில் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தாங்கியைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு பித்தளை முனைகளிலும் பச்சைக் களிம்பு. கோயில் விளக்கின் அடியில் படிவதைப் போல, ஓரத்தில் தடித்து நடுவில் பொடியாக இருந்தது. மகளின் அழிறப்பரால் தேய்த்தேன். பொடி உதிர்ந்து உலோகம் மின்னியது. ஆனால் காந்தத்தை ஆட்டியபோது வேகம் வரவில்லை. வயரை அங்குலம் அங்குலமாக விரல்களுக்கிடையில் நான் வளைக்க, மகள் காந்தத்தை ஆட்டினாள். ஹாண்டில் திரும்பும் கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் வளைத்தபோது 7 என்று வந்து மறைந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடம் மட்டும் விரலுக்குக் கொஞ்சம் மிருதுவாக, உள்ளே எலும்பு இல்லாததுபோல் இருந்தது.

உவர்மலைப்பட்டறை | ஞாயிறு, மாலை 4.00

கண்டுபிடித்துவிட்டீர்கள். அதுதான் வழக்கமாக அறும் இடம். ஹாண்டிலை ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் வயர் அங்கேதான் மடிகிறது. உள்ளே இருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும், மேலுறை மட்டும் தாக்குப்பிடிக்கும். இறுக்கிக் கட்டினால் இது சீக்கிரம் நடக்கும். உங்கள் சைக்கிளில் பிரேக்குக்குக் கேபிள் இல்லை, இரும்புத் தண்டுதான். ஆகவே வயரைச் சுற்றிக்கொண்டு போக ஒன்றும் இல்லாமல் யாரோ நேராக இழுத்துக் கட்டியிருப்பார்கள்.

அந்த இடத்தில் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் உரித்துப் பாருங்கள். இழைகள் சிவப்பாக மின்ன வேண்டும். கறுத்திருந்தால் உப்பு உள்ளே ஏறிவிட்டது, சிவப்புத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செப்பில் ஈயம் ஒட்டாது. உள்ளே இருக்கும் இரண்டு வயர்களையும் ஒரே இடத்தில் இணைக்காமல், ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் இணையுங்கள், அப்போது ஒன்றோடொன்று உரசாது. எது எதோடு என்று பயப்பட வேண்டாம். அது வெறும் சுவிட்ச், மாற்றி இணைத்தாலும் வேலை செய்யும். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடி, கழுத்தருகில் விரல் நுழையும் அளவுக்கு வளையம் விட்டுக் கட்டுங்கள். பித்தளை முனைகளில் துளி வாசலின் தடவுங்கள்.

நான் வயரை விரும்புவதற்கு இதுதான் காரணம். பழுது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வயர்லெஸ் சென்சர் நின்றுபோனால் அதைத் திறந்து என்ன செய்வது?

கிண்ணியாப்பாலம் | ஞாயிறு, மாலை 5.15

அண்ணா, உங்களை மதித்துத்தான் மறுக்கிறேன். உப்புக் காற்றுதான் கேள்வி என்றால் வயரில்தான் திறந்த உலோகம் அதிகம். அந்தப் பித்தளை முனைகள் இரண்டும் இரவு பகலாகக் காற்றைக் குடிக்கின்றன. என் சென்சர் சில்லின் அச்சைச் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டும் வகை. காந்தமும் இல்லை, சுழல்வதைத் தானே உணரும். பற்றரி மூடிக்கு ரப்பர் வளையம் இருக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றினேன், உள்ளே ஒரு துளி களிம்பு இல்லை. எல்லோருக்கும் பற்றவைக்கும் கருவியும் உங்கள் கையும் கிடைக்குமா?

உவர்மலைப்பட்டறை | ஞாயிறு, மாலை 5.50

கிண்ணியாத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ரப்பர் வளையம் நலமாக இருக்கும்வரை உங்கள் சென்சருக்குள் உப்புப் போகாது. என்னிடம் வந்த வயர்லெஸ் சென்சர்களில் பெரும்பாலானவை வளையம் பிதுங்கி, பற்றரிக் குழிக்குள் நீர் புகுந்து செத்தவை. பற்றரி மாற்றும்போது அவசரத்தில் வளையத்தைக் கோணலாக வைத்து மூடுவதால் வருவது. அடுத்த முறை மூடும்போது அதிலும் வாசலின் தடவி, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து மூடுங்கள்.

காந்தம் உள்ளவர்கள் அதையும் பாருங்கள். சிறிய வலுவான காந்தங்கள் நியோடிமியம் கலந்தவை. மேற்பூச்சு உரிந்தால் நம் கடற்காற்றில் சில மாதத்தில் பொரிந்து பொடியாகிவிடும்.

முற்றவெளி_தாதி | ஞாயிறு, இரவு 9.00

தம்பிமார், சகோதரர்களே, பற்றரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. நான் தாதியாக வேலை செய்கிறேன். இந்தக் கணினிகளில் போடும் சிஆர் 2032 என்ற வட்டப் பற்றரி 20 மில்லிமீற்றர் அகலம். சிறு பிள்ளை விழுங்கினால் சரியாகத் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கும் அளவு. அங்கே ஈரத்தில் மின் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே குழாயைச் சுட்டுவிடும். வேலை செய்யாத பழைய பற்றரியிலும் அதற்குப் போதிய மின் எஞ்சியிருக்கும்.

வயர் உள்ளதற்கு ஒரு பற்றரி. வயர்லெஸ்ஸுக்குத் தலையில் ஒன்று, சென்சரில் ஒன்று. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கையும் பாருங்கள். மாற்றிய பற்றரியின் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா ஒட்டி, உயரத்தில் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நிலாவெளிப்பாதை | ஞாயிறு, இரவு 9.25

அக்கா, மிக்க நன்றி. மேசை லாச்சியில் இரண்டு பழைய பற்றரிகள் கிடந்தன. இப்போதுதான் நாடா ஒட்டி எடுத்து வைத்தேன். தங்கையின் சின்ன மகன் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவான்.

கோணேசபுரி_மாணவி | திங்கள், மாலை 4.20

நான் வயர் உள்ள ஒன்றை நண்பியிடமிருந்து வாங்கிவிட்டேன். சுற்றளவு கேட்கிறது. கையேட்டு அட்டவணையில் 700 சி என்ற அளவுச் சில்லில் 28 மில்லிமீற்றர் அகல ரயருக்கு 2136 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. நண்பி 2096 என்று போட்டிருந்தாள், அது 23 மில்லிமீற்றருக்கானது. என் ரயரில் 28 என்றுதான் இருக்கிறது. சரிபார்க்க என்ன வழி?

கிண்ணியாப்பாலம் | திங்கள், மாலை 6.00

எங்கள் பாலத்துக்கு வாருங்கள் தங்கச்சி. 2009 ஒக்டோபரில் திறந்தது, நீளம் 396 மீற்றர். முனையிலிருந்து முனைக்கு ஓட்டிப் பாருங்கள்.

சீனக்குடா_ஓட்டம் | திங்கள், மாலை 6.40

நானா, பாலம் அழகானது, அளப்பதற்குக் குட்டையானது. இந்தக் கணினிகள் பயணத் தூரத்தை 10 மீற்றர் படியில் காட்டுபவை. 396 மீற்றரில் 10 மீற்றர் என்றால் 2.5 வீதம். 2096க்கும் 2136க்கும் இருக்கும் வித்தியாசமோ 1.9 வீதம்தான். கண்டுபிடிக்க வேண்டிய பிழையைவிட அளவுகோலின் பிழை பெரிது. வீதியோரக் கிலோமீற்றர் கற்களைப் பிடித்து 10 கிலோமீற்றர் ஓட்டினால் அந்த 10 மீற்றர் 0.1 வீதமாகிவிடும்.

அதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே அளக்கலாம். ரயரில் வழக்கமான காற்றை அடித்து, வால்வு தரைக்கு நேர்மேலே வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராக ஐந்து சுற்று உருட்டி மறுபடியும் கோடு போடுங்கள். தூரத்தை ஐந்தால் வகுத்தால் சுற்றளவு. ஏறி உட்கார்வது முக்கியம், உங்கள் பாரத்தில் ரயர் அமுங்குவதால் சுற்றளவு சில மில்லிமீற்றர் குறையும். அட்டவணைக்கு உங்கள் பாரமும் காற்றும் தெரியாது.

வயரோ வயர்லெஸ்ஸோ, துல்லியம் இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. விலை கூடியதில் பிழையான எண்ணைப் போட்டால் அதுவும் பிழையாகத்தான் சொல்லும்.

உவர்மலைப்பட்டறை | திங்கள், இரவு 8.10

சீனக்குடாத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இந்தக் கணக்கு மின்சாரம் வருமுன்னரே இருந்தது. 1895இல் அமெரிக்காவின் கேர்ட்டிஸ் வீடர் என்பவர் சைக்கிளின் தூரமானிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பியில் ஒரு முளை, அச்சருகே நட்சத்திரம் போன்ற பற்சில்லு. ஒவ்வொரு சுற்றிலும் முளை ஒரு பல்லைத் தள்ளும், எண்கள் நகரும். பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. ஆனால் சில்லின் அளவுக்கு ஏற்ற மானியைப் பார்த்து வாங்க வேண்டும்.

நிலாவெளிப்பாதை | புதன், மாலை 6.15

பட்டறை அண்ணா, நேற்று மாலை உங்கள் முறைப்படி வெட்டினேன். முதல் வெட்டில் இழைகள் கறுப்பு. இரண்டாவதிலும் கறுப்பு. ஆறு சென்ரிமீற்றர் போன பிறகுதான் சிவப்புத் தெரிந்தது. வயர் குறைந்துவிட்டதால் சென்சரைக் கவையில் மேலே நகர்த்தி, காந்தத்தையும் கம்பியில் அதே உயரத்துக்கு ஏற்றினேன். இடைவெளி 3 மில்லிமீற்றர். கழுத்தில் வளையம் விட்டிருக்கிறேன்.

சுற்றளவையும் மகள் பிடிக்க முற்றத்தில் உருட்டினேன். ஐந்து சுற்றுக்கு 11.05 மீற்றர், அதாவது 2210 மில்லிமீற்றர். இத்தனை காலமும் 2096 என்றுதான் போட்டிருந்தேன். கொப்பியில் 28.5 கிலோமீற்றர் என்று எழுதிய ஒவ்வொரு நாளும் நான் உண்மையில் 30 ஓட்டியிருக்கிறேன். பழைய பக்கங்களைத் திருத்தவில்லை, இன்றைய திகதிக்கு மேல் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

இன்று காலை கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து நகரத்துக்கு 14, 15இல் போனேன். மாலையில் அதே காற்று முதுகில், உப்புவெளிக்கு மேல் 22. திரையில் வேகம் ஒரு தடவையும் 0க்கு விழவில்லை. புதிதாக வாங்கவில்லை. மகளுக்குச் சைக்கிள் வாங்கும் நாளில் கிண்ணியா நானாவின் அச்சுச் சென்சரைத்தான் தேடுவேன், அவள் சைக்கிளை அடிக்கடி பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும்.

கிண்ணியாப்பாலம் | புதன், இரவு 7.30

சந்தோஷம் சேர். பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னதால் இன்று என் சென்சரின் மூடியைத் திறந்து பார்த்தேன். ரப்பர் வளையம் ஓரிடத்தில் நூலாக மெலிந்திருக்கிறது. இந்த அளவு வளையம் உங்களிடம் இருக்குமா? உள்விட்டம் 22 மில்லிமீற்றர்.

உவர்மலைப்பட்டறை | புதன், இரவு 7.50

இருக்கிறது. தண்ணீர்க் குழாய் வளையங்களில் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்து வைக்கிறேன். சென்சரையும் கொண்டு வாருங்கள், பூட்டிப் பார்த்துத் தருகிறேன்.

கோணேசபுரி_மாணவி | புதன், இரவு 9.05

நான் உருட்டிப் பார்த்தேன். 2128 வந்தது, போட்டுவிட்டேன். ஞாயிறு அதிகாலை கன்னியாப் பக்கம் ஏ12 வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பிடித்து 10 கிலோமீற்றர் ஓட்டலாம் என்று நானும் நண்பியும் நினைத்திருக்கிறோம். வயர்லெஸ் வைத்திருக்கும் யாராவது வந்தால் இரண்டையும் ஒரே வீதியில் பார்க்கலாம்.

கிண்ணியாப்பாலம் | புதன், இரவு 9.20

வருகிறேன் தங்கச்சி. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், 5.30க்கு வெந்நீர்க் கிணற்றுச் சந்தியில் நிற்பேன்.